குற்றாலம் எங்கேஜ்

கம்ப்யூட்டர் வகுப்பில் பயந்துபோய் எழுந்து வெளியே ஓடிய ஆள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அறுபதுகளின் கடைசியில், சென்னையில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், ஓர் அறையை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. முன்பு டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தவளுக்கு இயந்திரம் பழகியிருக்கும் என்று யாரோ மேலே முடிவுகட்டி, என்னையும் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள்.

பாடம் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பற்றியது. புரோகிராம்கள் பல, ஆனால் டேப் ஒன்று, பிரிண்டர் ஒன்று. யாருக்கு எதைக் கொடுப்பது, யாரைக் காக்க வைப்பது, அவசரமாக ஒன்று வந்து குறுக்கிட்டால் ஓடிக்கொண்டிருப்பதை எங்கே நிறுத்திவைப்பது என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ள, இயந்திரத்துக்குள்ளேயே ஒரு மேற்பார்வைப் புரோகிராம் உட்கார்ந்திருக்கிறது என்றார்கள். இதைத்தானே நாம் பல வருஷம் கையால் செய்தோம் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. அப்போது வாத்தியார் கரும்பலகையில் இரண்டு வட்டமும் இரண்டு கட்டமும் போட்டு, நடுவில் அம்புக்குறிகளை இழுத்தார்.

"இந்தப் புரோகிராம் டேப்பைப் பிடித்துக்கொண்டு பிரிண்டருக்காகக் காத்திருக்கிறது. அந்தப் புரோகிராம் பிரிண்டரைப் பிடித்துக்கொண்டு டேப்புக்காகக் காத்திருக்கிறது. இரண்டும் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் இரண்டும் இனி நகராது. வெளியிலிருந்து யாராவது வந்து கலைக்கும்வரை இப்படியேதான் நிற்கும்."

இதற்கு டெட்லாக் என்று பெயர், தமிழில் முட்டுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். என் காதுக்குள் அருவி இரைய ஆரம்பித்தது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வராந்தாவில் போய் நின்றேன். அந்தப் படத்தில் இருந்த ஒரு வட்டம் நான்தான் என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

கல்யாணமான புதிதிலிருந்து பல வருஷம் நான் தென்காசி டெலிபோன் எக்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்தேன். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. அந்த வேலைக்குப் போனதே பயந்துகொண்டுதான். மலையில் இடி இடித்தால் கம்பி வழியாக வந்து காதில் அறையும் என்று முதல் நாளே சொல்லிப் பயமுறுத்தினார்கள். அது பொய்யும் இல்லை. சீசன் மாதங்களில் ஹெட்செட்டை மாட்டும்போதெல்லாம், மேற்கு ஜன்னல் வழியாக மலையை ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன்.

வேலை இதுதான். ஊரில் ஒருவர் தன் போனின் கைப்பிடியைச் சுற்றினால் எங்கள் போர்டில் அவருடைய நம்பருக்கு நேரே சின்ன மூடி ஒன்று 'டக்'கென்று விழும். எந்த வேலையில் இருந்தாலும் அதை அப்படியே நிறுத்திவிட்டு, அந்த ஓட்டையில் பிளக்கைச் சொருகி "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்க வேண்டும். வாத்தியார் 'இன்டரப்ட்' என்று ஒரு மணி நேரம் விளக்கியது இதைத்தான். வெளியூர்க் கால்களில் மூன்று தரம் உண்டு. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங். லைட்னிங் வந்தால் ஆர்டினரியில் பேசிக்கொண்டிருப்பவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு லைனை வெட்டலாம். எத்தனை வியாபாரிகளிடம் அதற்காக ஏச்சு வாங்கியிருக்கிறேன்! ஆனால் ஒரு லைட்னிங்கை இன்னொரு லைட்னிங் வெட்ட முடியாது. போலீஸ் காலும் லைட்னிங் மாதிரிதான், அதன்மேல் யாருமே கைவைக்கக் கூடாது.

குற்றாலத்தில் இருந்த சின்ன எக்சேஞ்சுக்கு எங்களிடமிருந்து ஒரே லைன். அதன் ஓட்டை என் போர்டுக்கும் பக்கத்து போர்டுக்கும் நடுவில் இருந்தது. இரண்டு பேரில் யார் முந்திச் சொருகுகிறோமோ அவர்களுக்கு. சொருகியிருந்தால் எங்கேஜ், அவ்வளவுதான். யாருக்காகச் சொருகியிருக்கிறது, அந்த ஆள் பேசுகிறாரா, வெறுமே காத்துக்கொண்டிருக்கிறாரா என்பதெல்லாம் ஓட்டையைப் பார்த்துத் தெரியாது. கேட்கவும் கூடாது. யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருக்கும் ஆப்பரேட்டரிடம்கூட வாய் திறக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. ஊரில் எத்தனையோ கல்யாணங்கள் கூடியதும் கலைந்ததும் எங்கள் காது வழியாகத்தான் நடந்தது என்பதால் அந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன்.

விதியில் இல்லாத ஒரு வழக்கமும் எங்களிடம் இருந்தது. கூப்பிட்டவர் கேட்ட ஊர் கிடைக்காவிட்டால், 'கிடைத்ததும் கூப்பிடுகிறோம்' என்று சொல்லி அவருடைய லைனை விட்டுவிட வேண்டும். அதுதான் முறை. சீசனில் நாங்கள் யாரும் விடமாட்டோம். விட்டால் போச்சு. குளிக்க வந்தவர்கள் மதுரைக்கும் மதராசுக்கும் பேச வரிசையில் நிற்பார்கள். அடுத்த நொடி வேறொருவர் லைனைக் கொத்திக்கொண்டு போய்விடுவார். அதனால், பிடித்த லைனைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்த லைனுக்குக் காத்திருப்போம். செங்கோட்டை எக்சேஞ்சிலும் இதே வழக்கம்தான். புத்திசாலித்தனம் என்றே நினைத்துச் செய்துவந்தோம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, எனக்குப் பகல் டியூட்டி. என் வீட்டுக்காரர் இலஞ்சியில் பள்ளிக்கூட ஆசிரியர். லீவு நாள்தானே என்று எங்கள் நாலு வயது மகளை சைக்கிள் பாரில் உட்கார வைத்துக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போயிருந்தார். அவளுக்கு அதுதான் முதல் அருவிக் குளியல். முந்தின நாளிலிருந்தே குதித்துக்கொண்டிருந்தாள். "ஓரமா நின்னு குளிக்கணும், கைய விடக் கூடாது" என்று இரண்டு பேரிடமும் நூறு தடவை சொல்லித்தான் அனுப்பினேன்.

சாப்பாட்டு வேளை தாண்டியது. தென்காசியில் சுள்ளென்று வெயில். ஜன்னல் வழியாகப் பார்த்தால் மலை உச்சியைக் காணவில்லை. கருமேகம் பாதி மலைவரை இறங்கி உட்கார்ந்திருந்தது.

குற்றாலத்து மூடி விழுந்தது. சொருகினேன். பேரருவிக் கரையில் இருந்த போலீஸ் அவுட்போஸ்டிலிருந்து ஒரு போலீஸ்காரர் பேசினார்.

"மேல எஸ்டேட் பங்களா வேணும்மா. சீக்கிரம். தண்ணி லேசா கலங்குது. மேல மழையா என்னன்னு கேக்கணும்."

அவர் குரலுக்குப் பின்னால் அருவியின் இரைச்சல் கேட்டது. தண்ணீர் கலங்குவது என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மலையில் பெருமழை விழுந்தால், முதலில் தண்ணீரின் நிறம் மாறும். பிறகு சருகு வரும், சுள்ளி வரும். அதற்கப்புறம் வருவதை நின்று பார்க்கக் கூடாது.

மலைமேல் இருக்கும் அந்த எஸ்டேட்டுக்கு ஒரே லைன், அது செங்கோட்டை வழியாகப் போகிறது. எங்களுக்கும் செங்கோட்டைக்கும் இரண்டு லைன், என் போர்டில் ஒன்று, பக்கத்து போர்டில் ஒன்று. என் லைனில் செங்கோட்டையைக் கூப்பிட்டு எஸ்டேட் வேண்டும் என்றேன். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே ஆப்பரேட்டர், வயதானவர், தங்கமான மனிதர்.

"எஸ்டேட் எங்கேஜ் தங்கச்சி. ஹோல்ட் பண்ணும்."

"போலீஸ் கால் அண்ணாச்சி."

"இருக்கட்டும்மா. இங்கன இருக்கதும் லைட்னிங்தான். வெட்ட முடியாதுல்லா? செத்த பொறும்."

போலீஸ்காரரிடம் சொன்னேன். "சரி, லைனை விட்டுராதீங்க, நான் நிக்குதேன்" என்றார். நான் எங்கே விடப்போகிறேன்? பிளக்கின்மேல் வைத்த கையை நான் எடுக்கவே இல்லை. அருவி இரைச்சல் என் காதில் விழுந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள்தான் என் பிள்ளை இருக்கிறாள். கேட்கிற வரைக்கும் அவளும் இருக்கிறாள் என்று ஒரு பைத்தியக்காரத்தனமான நினைப்பு எனக்கு. அந்த லைனை யார் கேட்டிருந்தாலும் அன்று கொடுத்திருக்க மாட்டேன்.

பக்கத்து போர்டில் இருந்த அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எனக்கு வேலை பழக்கியவள் இல்லை, என்னோடு சண்டை போடுகிறவள். அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, குத்தாலத்த எப்ப விடுவே?"

"விட முடியாதுக்கா. போலீஸ்."

"சரி சரி, வச்சுக்கோ. நானும் ஒருத்தர ஹோல்டுல வச்சிருக்கேன்."

யாரை என்று நான் கேட்கவில்லை. போலீஸுக்கு என்ன வேண்டுமாம் என்று அவளும் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளிகூட இருந்திருக்காது. விதி அப்படி.

நேரம் போனது. செங்கோட்டையை மறுபடி கேட்டேன். எங்கேஜ். போலீஸ்காரரிடம் சொன்னேன். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டே யாரையோ அதட்டினார். இரைச்சல் மாறியிருந்தது. முன்பு 'சோ'வென்று இருந்தது, இப்போது அடியில் ஏதோ உருளுகிற மாதிரி 'கடமுடா' என்று சேர்ந்து கேட்டது. ஆப்பரேட்டர் பார்ட்டியிடம் சொந்தப் பேச்சு பேசக் கூடாது. பேசிவிட்டேன்.

"சார், ஆளுகள மேல ஏத்திருங்க சார். எம்புள்ள அங்கனதான் இருக்கா."

"எனக்கும் தெரியுதும்மா. போன வாரம் இப்படித்தான் கலங்குதுன்னு எல்லாரையும் ஏத்துனேன். ஒண்ணும் வரல. தூரத்துலருந்து வந்தவங்க எல்லாம் என்ன பிச்சு எடுத்துட்டாங்க, மேலயும் கேள்வி கேட்டுட்டாங்க. எஸ்டேட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு ஏத்திருதேன். நீ லைனப் போடு."

எல்லாப் பழியும் என் கையில் வந்து நின்றது. அந்த எஸ்டேட்டில் யார் இவ்வளவு நேரமாகப் பேசுகிறார்கள்? தேயிலை விலையா? மாப்பிள்ளை பார்க்கிறார்களா? மலை உருகி வந்துகொண்டிருக்கும்போது அப்படி என்ன பேச்சு? பயத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கேட்கக் கூடாததைச் செங்கோட்டையிடம் கேட்டேவிட்டேன்.

"அண்ணாச்சி, அந்த எஸ்டேட்காரர் யார் கூடத்தான் இவ்வளவு நேரமா பேசுதாரு?"

"பேசலியே தங்கச்சி. பாவம், அவரும் காத்துக்கிட்டுத்தான் நிக்காரு."

"யாருக்கு?"

ஒரு கணம் தயங்கினார். அவருக்கும் விதி உண்டே. பிறகு சொன்னார்.

"குத்தாலம் போலீசுக்கு. உங்க ரெண்டாவது லைன்ல எப்பமே கேட்டாச்சு. குத்தாலம் எங்கேஜ்ன்னு நீங்கதான சொல்லுதியோ?"

அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு பயம் எனக்கு வந்ததில்லை. திருடனைப் பார்த்தால், பாம்பைப் பார்த்தால் வருகிற பயம் வேறு. இங்கே யாருமே கெட்டது செய்யவில்லை. போலீஸ்காரர் எஸ்டேட்டைக் கேட்க நிற்கிறார். எஸ்டேட்காரர் போலீஸிடம் சொல்ல நிற்கிறார். அவருக்காக அண்ணாச்சி மலை லைனை விடாமல் பிடித்திருக்கிறார். இவருக்காக நான் குற்றால லைனை விடாமல் பிடித்திருக்கிறேன். நாலு பேரும் கெட்டிக்காரத்தனமாக, பொறுப்பாக, அசையாமல் நிற்கிறோம். கேட்டிருக்காவிட்டால் சாயங்காலம் வரை நின்றிருப்போம். தண்ணீர் நிற்குமா?

"அந்த லைட்னிங்க என் லைனுக்கு மாத்துங்க அண்ணாச்சி!"

"ஐயோ, தொடவே பயமா இருக்கு தங்கச்சி. மழையில மலை லைன் ஒத்த நூலுல தொங்குது. புடுங்குனா திரும்பக் கெடைக்காது. நீங்க அங்கன விடுங்க."

விட வேண்டியது நான்தான். வகுப்பில் வாத்தியார் இதைச் சுலபமாகச் சொல்லிவிட்டார். முட்டுக்கட்டை விழுந்துவிட்டால், ஏதாவது ஒரு புரோகிராமின் கையிலிருந்து அது பிடித்திருப்பதைப் பிடுங்க வேண்டும், வேறு வழியில்லை என்று. பிடுங்கப்படுகிற புரோகிராமுக்குப் பிள்ளை கிடையாது. நான் பிளக்கை எடுத்த அந்த இடைவெளியில் குற்றாலத்து போர்டில் இருப்பவர் லைன் காலி என்று நினைத்து, வரிசையில் நிற்கும் யாரோ ஒருவருக்குக் கொடுத்துவிட்டால்? போலீஸ்காரர் வெறுத்துப்போய் போனை வைத்துவிட்டால்? கையிலிருக்கும் ஒரே பிடியையும் நானே விட வேண்டும்.

"அக்கா, உன்கிட்ட நிக்குறது எஸ்டேட்தானே?"

அவள் முழித்தாள். "அத நீ ஏன் கேக்க?"

"போலீஸ் கேக்கறது எஸ்டேட்டத்தான்க்கா!"

அவள் சண்டைக்காரிதான், ஆனால் மந்தபுத்தி இல்லை. வெற்றிலைச் சிவப்போடு வாய் அப்படியே திறந்து நின்றது. மறு வினாடி, தன் பிளக்கைக் கையில் எடுத்து அந்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து பிடித்துக்கொண்டாள்.

"புடுங்குட்டி!"

"சார், என்ன ஆனாலும் போன வச்சிராதீங்க" என்று கத்திவிட்டுப் பிடுங்கினேன். இரைச்சல் அறுந்தது. காதில் ஒன்றுமே இல்லை. என் பிளக் வெளியே வருவதற்கும் அவளுடையது உள்ளே போவதற்கும் நடுவில் ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட இருந்திருக்காது. அந்த வெறுமையை இன்னும் சில ராத்திரிகளில் கேட்கிறேன்.

அக்கா கைப்பிடியைச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பேசுதாவ" என்றாள். பிறகு விதியை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, "ஏத்துங்க, ஏத்துங்கன்னு அந்த மனுசன் கதறுதாருட்டி. ஆத்துல மரமே போகுதாம். போலீசு போனப் போட்டுட்டு ஓடிட்டாரு" என்றாள்.

"என் காதுல குடுக்கா."

கொடுத்தாள். போன் மேஜையில் கிடந்திருக்க வேண்டும். விசில் சத்தம் கேட்டது, ஒன்றன்மேல் ஒன்றாக. ஜனங்கள் கத்துவது கேட்டது. பிறகு விசிலும் இல்லை, கத்தலும் இல்லை. தண்ணீர் மட்டும் கேட்டது. அது அருவிச் சத்தமாக இல்லை. லாரி லாரியாகக் கல்லைக் கொட்டுகிற மாதிரி இருந்தது. அதற்குள் ஒரு மனிதக் குரலைத் தேடித் தேடிக் கேட்டேன். ஒன்றுமே இல்லை. அக்கா என் காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். "கேக்காத" என்றாள்.

அதற்குப் பிறகு போர்டில் மூடிகள் விழுந்துகொண்டே இருந்தன. சொருகினேன், பிடுங்கினேன், "நம்பர் ப்ளீஸ்" என்றேன். யாருக்கு யாரைக் கொடுத்தேன் என்று ஒன்றும் தெரியாது. செங்கோட்டை அண்ணாச்சி இடையிடையே லைனில் வந்து, "ஏதும் சேதி உண்டா தங்கச்சி?" என்று கேட்டார். இல்லை என்றேன். நான் நேராத நேர்ச்சை இல்லை. இலஞ்சி முருகனில் ஆரம்பித்துக் கண்ணில் பட்ட தெய்வம் எதையும் விடவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு, வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அக்கா எனக்கு முன்னால் எழுந்து ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, "வந்துட்டாவட்டி! ரெண்டு பேரும் வந்துட்டாவ!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூவினாள். எக்சேஞ்சுக்குள் வெளியாள் வரக் கூடாது. என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். உடம்பில் ஈரவேட்டி, சட்டை இல்லை. கரையில் வைத்திருந்த துணிமணியெல்லாம் ஆற்றோடு போய்விட்டதாம். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களின் கிண்ணங்களும் பலகைகளும் போனதாம். ஆட்கள் மட்டும் கடைசி ஆள் வரை ஏறிவிட்டார்களாம். விசில் கேட்டு அவர்கள் படியேறித் திரும்பிப் பார்த்தபோது, குளித்துக்கொண்டிருந்த இடமே இல்லையாம். மகள் யாருடைய துண்டுக்குள்ளோ சுருண்டு அவர் தோளில் கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. பிடுங்கி எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். பயமெல்லாம் போய், அந்த இடத்தில் ஆத்திரம் வந்து உட்கார்ந்துவிட்டது.

"தண்ணி கலங்குனா ஏறணும்னு ஒங்களுக்குத் தெரியாதா? வாத்தியாருன்னு பேரு!"

"தெரியாம என்ன? கலங்கலப் பாத்ததுமே பிள்ளையத் தூக்கிட்டுப் படிவரைக்கும் ஏறிட்டேன். கூடவே பாதிக் கூட்டம் ஏறிச்சு. போலீஸ்காரர்தான் போனக் காதுல வச்சுக்கிட்டே சத்தம் போட்டு, எஸ்டேட்டுக்குப் போன் போட்டாச்சு, பதில் வந்ததும் சொல்லுதேன், பதறாதீங்கன்னாரு. இவளும் இன்னும் ஒரு தடவைன்னு அழுதா."

"அவரு சொன்னா இறங்கிருவியளா?"

அவர் ஈரத்தலையைத் துவட்டக்கூடத் தோன்றாமல் என்னைப் பார்த்தார்.

"அவரு சொன்னதுக்காக இல்லட்டி. போன் போட்டாச்சுன்னாரு. இன்னைக்குப் போர்டுல நீதான இருக்கே? நீ இருந்தா ஒடனே கெடைச்சிரும்லா. அந்தத் தைரியத்துலதான் பிள்ளையத் திரும்பத் தண்ணிக்குள்ள கூட்டிட்டுப் போனேன்."